விறகு அடுப்புக்குப் புகைக்குழாய்: பொருத்துவது முதல் கரி துடைப்பது வரை

மலையில் வீடு கட்டுபவர்களுக்கு இப்போது ஓர் ஆசை வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு விறகு அடுப்பு ஒன்று கூடத்தில் இருக்க வேண்டும், மார்கழிக் குளிரில் அதன் முன்னால் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். நல்ல ஆசைதான். அடுப்பைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். குழாயை மட்டும் "வெல்டிங் பட்டறையில் ஏதாவது செய்துகொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் விட்டேன். நான்கு அங்குலத் தகரக் குழாயை அடுப்பின் பின்னாலிருந்து எடுத்து, சுவரைத் துளைத்து, வெளியே ஒரு எல்போ போட்டு நிமிர்த்திக் கொடுத்தார்கள். முதல் நாள் இரவே வீடு முழுக்கப் புகை. இரண்டாவது மாதம் எல்போ இணைப்பிலிருந்து சுவரில் கறுப்புத் தார் வழிந்தது. எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து செய்தேன். அப்படிக் கற்றதும், பிறகு நண்பர்கள் வீடுகளில் செய்து பார்த்ததும்தான் இங்கே வருகிறது. நீலகிரி, கொடைக்கானல் வீடுகளை மனதில் வைத்து எழுதுகிறேன். சமவெளியில் புகையில்லா விறகடுப்பு வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் ஒரு கணக்கு

புகைக்குழாயை நாம் புகை வெளியேறும் ஓட்டை என்று நினைக்கிறோம். உண்மையில் அடுப்பை இயக்கும் எஞ்சினே அதுதான். குழாய்க்குள் இருக்கும் சூடான வாயு வெளிக்காற்றைவிட லேசானது. அது மேலே போகப் போக, கீழே அடுப்புக்குள் புதுக்காற்று இழுபடுகிறது. இந்த இழுப்பு இல்லாவிட்டால் விறகு எரியாது, புகையும்.

இழுப்பைத் தீர்மானிப்பவை இரண்டு: குழாயின் உயரம், உள்ளே இருக்கும் சூடு. வெளியே 20 டிகிரி, குழாய்க்குள் சராசரியாக 200 டிகிரி என்றால், கடல்மட்ட ஊரில் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் சுமார் 4.5 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) இழுப்பு கிடைக்கும். ஐரோப்பாவில் இப்படிப்பட்ட அடுப்புகளைச் சோதிக்கும்போது வழக்கமாக 12 பாஸ்கல் இழுப்பு கொடுத்துத்தான் சோதிக்கிறார்கள். வளைவுகளிலும் உரசலிலும் கொஞ்சம் போய்விடும் என்பதால், 4.5 மீட்டருக்குக் குறையாத உயரம் வேண்டும் என்று அங்கே சொல்கிறார்கள்.

ஊட்டியில் கணக்கு மாறும். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றே மெலிந்தது. வெளியே 10 டிகிரி குளிர் இருந்தால்கூட மீட்டருக்கு 3.75 பாஸ்கல் அளவுதான் வரும். அதனால் மலையில் ஐந்து, ஐந்தரை மீட்டர் உயரம் என்று திட்டமிடுங்கள். கடைக்காரர் கோயம்புத்தூரில் நன்றாக எரிகிறது என்று சொன்னால், அது கோயம்புத்தூருக்குச் சரி.

வழியைத் தீர்மானித்தல்

அடுப்பை எங்கே வைப்பது என்பதைக் கூரையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கூடத்தின் அழகான மூலை எது என்பது அடுத்த கேள்வி. அடுப்பின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டதுபோல் நேராகக் கூரைக்கு மேலே போகும் குழாய்தான் சிறந்தது. குழாய் எவ்வளவு தூரம் வீட்டுக்குள்ளேயே போகிறதோ அவ்வளவு சூடாக இருக்கும். வெளிச்சுவரை ஒட்டிப் போகும் குழாய் குளிர்ந்துவிடும். இழுப்பு குறையும், தார் படியும். என் முதல் குழாயின் கதை இதுதான்.

கழிக்கோலோ உத்திரமோ குறுக்கே வந்தால் 45 டிகிரி வளைவு இரண்டு போட்டு விலகலாம். மொத்தம் நான்கு வளைவுக்கு மேல் வேண்டாம். 90 டிகிரி எல்போ கூடாது. அடுப்பின் பின்பக்கத்திலிருந்துதான் எடுக்க முடியும் என்றால், படுக்கையாகப் போகும் துண்டு அரை அடியைத் தாண்டக் கூடாது. அந்த இடத்தில் ‘டி’ (T) வடிவ இணைப்பு வைத்து, அதன் அடிவாயில் திறந்து மூடும் ஒரு மூடி கட்டாயம் இருக்க வேண்டும். கரி விழுந்து சேர்வது அங்கேதான்.

அளவும் உலோகமும்

அடுப்பின் புகைவாய் எத்தனை அங்குலமோ, கூரை உச்சி வரை குழாயும் அதே அங்குலம். நடுவில் குறைக்கவே கூடாது. ஆறு அங்குலத்தை நான்கு அங்குலமாக்கினால் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது என்று தோன்றும். பரப்பைக் கணக்குப் போட்டால் பாதிக்கும் கீழே, 44 சதவீதமாகிவிடுகிறது.

வீட்டுக்குள் ஒற்றைச் சுவர் குழாய்க்கு எனாமல் பூசிய எஃகு, அல்லது 1 மி.மீ. தடிமனுக்குக் குறையாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அல்லது 3 மி.மீ. இரும்பு. இந்தத் தடிமன்கள் பிரிட்டன் கட்டட விதிகளில் இருப்பவை. பட்டறையில் மெல்லிய தகடே போதும் என்பார்கள். இரண்டு மழைக்காலத்தில் அது சல்லடையாகிவிடும். ஸ்டெயின்லெஸ் கேட்கும்போது 304 அல்லது 316 என்று தர எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். விறகுக்கு 316 இன்னும் நல்லது. காந்தம் ஒட்டவில்லை, அதனால் 304 என்று சொல்வதை நம்பாதீர்கள். மலிவான 202-லும் காந்தம் ஒட்டாது. பில்லில் எண்ணை எழுதி வாங்குங்கள்.

ஜி.ஐ. குழாய் வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் நீடித்துச் சூடானால் உரியத் தொடங்கும், 420 டிகிரியில் உருகிவிடும். பி.வி.சி. குழாயை யாராவது வைப்பார்களா என்று கேட்காதீர்கள். அடுப்பிலிருந்து தள்ளித்தானே இருக்கிறது என்று மேல்பாதிக்கு மட்டும் வைத்திருந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அது 80 டிகிரியிலேயே இளகும், கருகினால் அமிலப் புகை விடும். பழைய புகையில்லா அடுப்புகளில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் நிறையப் போட்டார்கள். விரிசல் விட்ட அந்தக் குழாய் உங்கள் வீட்டில் இருந்தால், அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். நனைத்து, முழுசாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி அகற்றுங்கள்.

எரியக்கூடியவற்றிலிருந்து தூரம்

ஒற்றைச் சுவர் குழாய்க்கும் மரம், திரைச்சீலை, பலகைச் சீலிங் போன்றவற்றுக்கும் இடையே குழாயின் விட்டத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி வேண்டும். ஆறு அங்குலக் குழாய்க்கு ஒன்றரை அடி. இடம் இல்லையென்றால் நடுவில் ஒரு தகட்டு மறைப்பு வைக்கலாம். மறைப்புக்கும் மரத்துக்கும் நடுவே குறைந்தது 12 மி.மீ. காற்றோட்ட இடைவெளி விட்டால் தூரத்தை ஒன்றரை மடங்காக, அதாவது முக்கால் அடியாகக் குறைக்கலாம். தகட்டை நேராக மரத்தில் அறைந்தால் பயனில்லை. தகடு சூடேறும், மரமும் கூடவே சூடேறும்.

போன வருஷம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த விஷயத்தில் ஆறுதல் இல்லை. மாதக்கணக்கில் சூடுபட்ட மரம் உள்ளுக்குள் மெல்லக் கரியாகும். அப்படிக் கரியான மரம், புது மரம் பற்றும் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும். மூன்றாவது குளிர்காலத்தில் பிடிக்கும் தீ இப்படித்தான் வருகிறது.

கூரையைத் துளைப்பது

இந்த வேலையில் அவசரப்படக் கூடாத இடம் இதுதான். ஒற்றைச் சுவர் குழாய் சீலிங்கையோ கூரையையோ ஊடுருவக் கூடாது. சீலிங்குக்கு ஒன்றரை அடி கீழிருந்தே காப்பிட்ட இரட்டைச் சுவர் குழாயாக மாற வேண்டும். தயாராக விற்பதை வாங்க முடிந்தால் அதையே வாங்குங்கள். அதனுடன் வரும் தாளில் மரத்திலிருந்து எவ்வளவு இடைவெளி என்று இருக்கும். அதை அப்படியே பின்பற்றுங்கள். வாங்க முடியாமல் பட்டறையில்தான் செய்ய வேண்டுமென்றால், உள்ளே 150 மி.மீ., வெளியே 250 மி.மீ., நடுவில் 50 மி.மீ. செராமிக் கம்பளி அல்லது ராக்வூல். இது சோதித்துச் சான்று பெற்ற பொருள் இல்லை என்பதால், வெளிக்குழாயிலிருந்து மரத்துக்கு 75 மி.மீ. வெற்றிடம் விட்டேன். தெர்மோகோல், தேங்காய் நார், காகிதம் ஒட்டிய கண்ணாடிக் கம்பளி எதுவும் குழாய்க்குப் பக்கத்தில் வரக் கூடாது.

அந்த வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கட்டும். குளிர் வருகிறது, எலி வருகிறது என்று அதில் பஞ்சைத் திணிப்பார்கள். அங்கே ஓடும் காற்றுதான் மரத்தைக் காப்பாற்றுகிறது. திணித்தால் சூடு அங்கேயே தேங்கும். எலிக்கு ஒரு உலோக வளையம் போடுங்கள், போதும்.

பழைய மலைவீடுகளில் பலகைச் சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவே இருட்டாக ஒரு இடம் இருக்கும். நூறு வருஷத் தூசி, பறவைக்கூட்டு வைக்கோல், பழைய மின்கம்பிகள் எல்லாம் அங்கே கிடக்கும். குழாய் போகும் இடத்தைச் சுற்றி மூன்றடிக்கு அதைச் சுத்தமாகக் கூட்டி எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். மின்கம்பியை விலக்கிக் கட்டுங்கள்.

மங்களூர் ஓடு என்றால் வேலை எளிது. இரண்டு மூன்று ஓடுகளை எடுத்துவிட்டு, நடுவில் துளை போட்ட தகடு ஒன்றை வையுங்கள். தகட்டின் மேல்விளிம்பு மேல்வரிசை ஓட்டுக்கு அடியிலும், கீழ்விளிம்பு கீழ்வரிசை ஓட்டுக்கு மேலும் இருக்க வேண்டும். தண்ணீர் ஓடும் திசையை நினைத்துக்கொண்டால் தவறாது. கான்கிரீட் தளம் எரியாது, ஆனால் சூட்டில் விரியும் குழாய் இறுக்கமாக இருந்தால் தளம் வெடிக்கும். பெரிய அளவில் ஒரு உறைக்குழாயைப் பதித்து, நடுவில் செராமிக் கம்பளி வைத்து, தளத்துக்கு மேலே சுற்றிலும் அரை அடி உயரத் திண்டு கட்டிவிடுங்கள். கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் கிரைண்டர் போட்டு வட்டம் வெட்டவே கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு எமன். அந்த ஒரு ஷீட்டை மட்டும் முழுதாகக் கழற்றிவிட்டு அதே அளவுக்கு இரும்பு ஷீட் போட்டு, அதில் துளைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுகளை இணைத்தல்

இதில் கிட்டத்தட்ட எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். மேல்துண்டின் ஒடுங்கிய முனை கீழ்த்துண்டின் அகன்ற வாய்க்குள் இறங்க வேண்டும். புகை கசியும், அதனால் கீழ்த்துண்டுதான் மேல்துண்டுக்குள் போக வேண்டும் என்று பட்டறையில் வாதம் செய்வார்கள். இழுப்பு சரியாக இருந்தால் புகை வெளியே கசியாது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். ஆனால் குழாய்ச் சுவரில் தார் நீர் நிச்சயம் வழியும். அது உள்பக்கமாகவே அடுப்புக்குத் திரும்ப வேண்டும். என் சுவரில் வழிந்த கறுப்புக்குக் காரணம் இதுவேதான்.

ஒவ்வொரு இணைப்பிலும் மூன்று ஸ்க்ரூ, வட்டத்தைச் சுற்றிச் சம தூரத்தில். இடுக்கைக் கண்ணாடி நார்க்கயிறும் ஃபயர் சிமென்டும் வைத்து அடையுங்கள். எம்-சீல், சாதாரண சிலிகான் வேலைக்கு ஆகாது. சுவரில் தாங்கு கிளாம்ப் ஒன்று குழாயின் எடையைச் சுமக்கட்டும். மற்ற கிளாம்ப்கள் வழிகாட்டிகளாக மட்டும், தளர்வாக இருக்கட்டும். 5 மீட்டர் ஸ்டெயின்லெஸ் குழாய் 250 டிகிரி சூடேறினால் 2 செ.மீ. நீளும். அதற்கு வழி விடாவிட்டால் கூரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு நீளும். ஆகவே கூரைத் தகட்டையும் குழாயையும் ஒன்றாகப் பற்றவைக்காமல், தகட்டின் கழுத்துக்கு மேலே பாவாடைபோல் ஒரு கூம்பைக் குழாயில் மாட்டி, அதன் மேல்விளிம்பை மட்டும் 300 டிகிரி தாங்கும் சிவப்பு சிலிகானால் அடையுங்கள். மழைநீர் அதன் மேல் வழிந்து போய்விடும், குழாயும் தடையின்றி ஏறி இறங்கும்.

கூரைக்கு மேலே

அமெரிக்காவில் ஒரு சுலப விதி வைத்திருக்கிறார்கள்: மூன்று, இரண்டு, பத்து. கூரையை விட்டு வெளிவந்த இடத்திலிருந்து குழாய் மூன்றடியாவது உயர வேண்டும். பத்தடி தூரத்துக்குள் இருக்கும் கூரை முகடோ சுவரோ தண்ணீர்த் தொட்டியோ எதுவாயினும் அதைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று முகட்டைத் தாண்டிச் சுழன்று இறங்கும்போது புகையையும் கூடவே வீட்டுக்குள் தள்ளும். சரிவின் கீழே வீடு இருந்தால் இன்னும் ஒரு அடி கூட்டுங்கள்.

ஐந்தடிக்கு மேல் நிற்கும் குழாயை மூன்று பக்கம் கம்பி கட்டி இழுத்து நிறுத்த வேண்டும். தொப்பிக்கும் குழாய் வாய்க்கும் நடுவே போதிய இடம் விடுங்கள். பக்கத்தில் கூரை வேய்ந்த வீடோ காய்ந்த புல்லோ இருந்தால் பொறி தடுக்கும் வலை வேண்டும், கண் அளவு 10 முதல் 12 மி.மீ. அதைவிடச் சிறியதாக இருந்தால் ஒரே மாதத்தில் கரி அடைத்துவிடும். தொப்பியை ஸ்க்ரூ போட்டு மாட்டுங்கள். எங்கள் ஊர்க் குரங்குகளுக்கு அது விளையாட்டுச் சாமான்.

வீட்டுக்குள் காற்று, கார்பன் மோனாக்சைடு

குளிருக்குப் பயந்து ஜன்னல் இடுக்கெல்லாம் அடைத்துவிட்ட வீட்டில் அடுப்பு எதை இழுக்கும்? அடுப்புக்கு அருகில் வெளிச்சுவரில் நான்கு அங்குலத் துளை ஒன்று வலையுடன் வையுங்கள். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் அது புகைக்குழாய் வழியாகவே காற்றை வீட்டுக்குள் இழுக்கலாம். அடுப்பு எரியும்போது ஃபேனைப் போட்டு, அடுப்பு வாயருகே ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உங்கள் பக்கம் வந்தால் அந்தத் துளை போதவில்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, வாந்தி, அசதி என்று தொடங்கும். குளிரில் ஜலதோஷம் என்று படுத்துவிடுவோம். கரியடுப்பை மூடிய அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் ஊட்டியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் வந்திருக்கின்றன. அடைபட்ட புகைக்குழாயும் அதே வேலையைச் செய்யும். இதற்கான அலாரம் ஆன்லைனில் கிடைக்கிறது. அடுப்பிலிருந்து ஒன்று முதல் மூன்று மீட்டர் தள்ளி, சீலிங்கில் சுவரிலிருந்து ஓரடி விட்டு மாட்டுங்கள். படுக்கையறைப் பக்கம் இன்னொன்று இருந்தால் நல்லது. அடுப்புக்குச் செலவழித்த பிறகு இதற்குப் பேரம் பேசாதீர்கள்.

முதல் தீ

முதல் நாள் சுள்ளி மட்டும். அடுத்த நாள் கொஞ்சம் கூடுதலாக. புதுப் பெயின்ட் சூட்டில் இறுகும்போது நாற்றம் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். குழாய் குளிர்ந்திருந்தால் உள்ளே கனமான காற்று அடைத்துக்கொண்டு நிற்கும். ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, அடுப்புக்குள் குழாய் தொடங்கும் வாய்ப்பக்கம் அரை நிமிடம் காட்டினால் இழுக்கத் தொடங்கும். பிறகு விறகைப் பற்றவையுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரம் நன்றாக எரிந்த பிறகு சீலிங்குக்கு மேலே ஏறி, குழாய்க்கு அருகிலுள்ள மரத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் இடைவெளி போதவில்லை. அதைச் சரிசெய்யும் வரை அடுப்பை மூட்ட வேண்டாம்.

எந்த விறகு, எப்படி எரிப்பது

குழாயின் ஆயுள் விறகில் இருக்கிறது. வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதிகூடத் தண்ணீராக இருக்கலாம். அடுப்புக்குள் போகும்போது ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். சீகை மரமோ கற்பூர மரமோ பழைய தேயிலைக் கட்டையோ, எதுவானாலும் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றும் உள்ள இடத்தில் ஒரு வருஷம் அடுக்கி வையுங்கள். இரண்டு துண்டைத் தட்டினால் ‘டக்’ என்று கேட்க வேண்டும். ‘தொப்’ என்றால் ஈரம்.

ஈர விறகின் புகை, குழாயின் மேல்பகுதியில் 120 டிகிரிக்குக் கீழே குளிரும்போது தாராகப் படிகிறது. காய்ந்த விறகை வைத்துக்கொண்டு, இரவு முழுக்கக் கனல வேண்டும் என்று காற்றுத் துவாரத்தை முழுதாக மூடினாலும் இதேதான் நடக்கும். நம் ஆட்கள் அடுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த ராத்திரிப் பழக்கத்தால்தான். சின்னத் தீயைப் பளிச்சென்று எரித்து, அணைய விடுங்கள். பால் கவர், பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எதையும் போடக் கூடாது.

கரி துடைப்பது

முதல் குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை குழாயைத் திறந்து பாருங்கள். படிவு 3 மி.மீ. இருந்தால் துடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. பொடியாக உதிர்வது சாதாரணக் கரி. மொறுமொறுப்பான செதில் என்றால் எரிக்கும் முறையை மாற்றுங்கள். கண்ணாடிபோல் பளபளவென்று ஒட்டியிருந்தால் தூரிகைக்கு வராது, அந்தத் துண்டையே மாற்றிவிடுவது உத்தமம்.

அடுப்பு முழுக்க ஆறிய அடுத்த நாள் செய்யுங்கள். என்-95 முகக்கவசம், கையுறை, பழைய சட்டை அவசியம். 1775-லேயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைக்கூண்டு துடைக்கும் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் வந்த புற்றுநோய்க்குக் கரிதான் காரணம் என்று எழுதினார். வெறும் அழுக்கு என்று நினைக்க வேண்டாம். அடுப்பின் வாயை ஈரத்துணியால் மூடி ஓரங்களை டேப் போட்டு ஒட்டுங்கள். குழாயின் விட்டத்துக்குச் சரியான வட்டத் தூரிகையைக் கம்பில் மாட்டி, மேலிருந்தோ கீழிருந்தோ முழு நீளத்துக்கும் இரண்டு முறை விடுங்கள். கம்பைக் கடிகாரத் திசையில் மட்டும் திருப்புங்கள். எதிர்த்திசையில் திருப்பினால் மரை கழன்று தூரிகை உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஸ்டெயின்லெஸ் குழாய்க்கு நைலான் தூரிகை. இரும்புத் தூரிகையின் துகள் ஒட்டிக்கொண்டால் அங்கே துரு பிடிக்கும். சாக்கில் கல் கட்டிக் கயிற்றில் இறக்குகிற பழைய முறை நேர்க்குழாயில் வேலை செய்யும், ஆனால் அடுப்புக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டைக் கல் நசுக்கிவிடும். முதலில் அதைக் கழற்றி வெளியே எடுங்கள். எந்த முறையானாலும் அந்தத் தகட்டின் மேல் குவிந்த கரியை எடுக்க மறக்காதீர்கள். குழாய் சுத்தம், ஆனாலும் புகைகிறது என்பவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஏறுவதற்கு உறுதியான ஏணியும் இடுப்பில் கயிறும் வேண்டும். பாசி படிந்த ஓட்டில் தனியாக ஏறாதீர்கள். துடைத்த பிறகு ஸ்க்ரூக்களை முடுக்கி, குழாயை ஸ்க்ரூடிரைவர் பிடியால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வரும் இடத்தில் துரு தின்றிருக்கும். அடுப்புக் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் கதவு விளிம்பில் இடுக்கை அடைக்கும் கயிற்றை மாற்ற வேண்டும்.

குழாய்க்குள் தீப்பிடித்தால்

ரயில் வருவதுபோல் ஓர் இரைச்சல் கேட்கும், குழாய் அதிரும், மேலே பொறி பறக்கும். உள்ளே தார் எரிகிறது என்று அர்த்தம். வெப்பம் 1,000 டிகிரியைத் தாண்டலாம். அடுப்புக் கதவையும் எல்லாக் காற்றுத் துவாரத்தையும் மூடுங்கள். வீட்டில் இருப்பவர்களை வெளியே அனுப்பிவிட்டு 101-ஐ அழையுங்கள். குழாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. நீராவி வெடித்து உங்கள் மேலேயே வரும், சூடான உலோகமும் பிளந்துவிடும். தானாக அடங்கிவிட்டாலும் சீலிங்குக்கு மேலே புகைகிறதா என்று தீயணைப்பு வீரர்கள் பார்க்கட்டும். ஒவ்வொரு துண்டையும் கழற்றிப் பார்க்காமல் மறுபடி மூட்டக் கூடாது.

மழைக்கு முன்

கடைசிக் குளிர் போனதும், ஏப்ரலுக்குள், ஒரு முழுத் துடைப்பு வேண்டும். கரியும் மழை ஈரமும் சேர்ந்தால் அமிலமாகி ஜூன் முதல் செப்டம்பர் வரை குழாயை உள்ளிருந்து அரிக்கும். சாம்பலையும் வழித்து எடுத்துவிடுங்கள். அதை அட்டைப்பெட்டியில் போடாமல், மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்கள். சாம்பலுக்குள் கனல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுப்புக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் காற்றோடி உள்ளே உலர்ந்திருக்கும். மைனாவும் குளவியும் கூடு கட்டும் என்பதால் நான் குழாயின் வாயை ஒரு தகர டப்பாவால் மூடிவிடுவேன். மூடிய அன்றே அடுப்புக் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிடுவேன். நவம்பரில் யாராவது விருந்தாளி நல்லெண்ணத்தில் தீ மூட்டிவிடக் கூடாது.